விஜீ முனையில் ஒரு கைவிளக்கு

தீவின் துறைமுக ஊரான காஸ்ட்ரீஸின் சந்தையில் மா செரஃபினின் வாயில் விழப் பயப்படாதவர்கள் கிடையாது. ஐம்பது வயது, ஓங்கிய உடம்பு. மாதம் இரண்டு தடவை வாழைக்காயும் ஆரஞ்சும் கரி மூட்டையும் ஏற்றிக்கொண்டு 'மார்த்தா' என்ற பாய்மரக் கப்பலில் பார்படோஸ் போவாள். பீங்கான் கோப்பையும் சீட்டித் துணியுமாகத் திரும்பி வருவாள். புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். மகன்கள் இரண்டு பேரும் குராசாவ் எண்ணெய் ஆலையில். தனியாகக் கடல் தாண்டிப் பிழைக்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் எப்படி என்று அவளே கேட்பாள்.

ஊர் முழுக்க அவள் பேர் தெரிந்ததற்குக் காரணம் அவள் பாட்டு. தீவில் பாடுகிற சங்கங்கள் இரண்டு, பூக்களின் பேரில்: ரோஜா, மார்கரீத். ஒரே வீட்டில் அண்ணன் ரோஜா என்றால் தம்பி மார்கரீத்தாக இருப்பான். ரோஜாக்காரர்கள் தொண்டை கிழியப் பாடி ஆடுவார்கள். மார்கரீத்காரர்கள் உட்கார்ந்து அடக்கமாகப் பாடுவார்கள். ரோஜாவின் திருநாள் ஆகஸ்டு கடைசியில். அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் எல்லாம் கூட்டம் உண்டு. செரஃபின் முன்பாட்டு எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எதிர்ச் சங்கத்து ஆள் எவனையாவது பிடித்து நாலு வரி கட்டுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

பெரிய தீயில் வெந்துபோன ஊர் மறுபடி செங்கல் செங்கல்லாக எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த வருஷம் அவளிடம் மாட்டியவன் இப்போலித். துறைமுக வாயில் விஜீ குன்றின் மேல் வெள்ளையாக நிற்கிறதே கலங்கரை விளக்கம், அதன் காவல்காரன். மார்கரீத் சங்கத்து ஆள். யார் வம்புக்கும் போகாதவன். செரஃபினுக்கு அவன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. புதுப் பாட்டுக்கு ஒரு பேர் தேவைப்பட்டது, அவன் பேர் தாளத்தில் சரியாக உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

*பகலெல்லாம் குறட்டை விடுறான் இப்போலித்,*
*ராவெல்லாம் குந்தியிருக்கான் இப்போலித்,*
*சர்க்கார் எண்ணெய் எரியுது, சர்க்கார் சோறு செரிக்குது,*
*விளக்கு மட்டும் பத்துது, வீட்டுத் தொட்டில் காலியாக் கெடக்குது.*

கடைசி வரிக்குத்தான் சங்கத்துக் கூடம் அதிரச் சிரித்தார்கள். இப்போலித்துக்கும் அவன் மனைவி மார்செலினுக்கும் கல்யாணமாகி இருபது வருஷம், பிள்ளை இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பாட்டு சந்தைக்கு வந்துவிட்டது. உப்பு மீன் வாங்க வந்த மார்செலின் முதுகுக்குப் பின்னால் கரிக்காரிகள் முனக ஆரம்பித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்த மீனை அப்படியே தட்டில் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சந்தைப் பக்கம் அவள் தலை தெரியவில்லை. செரஃபின் அதைக் கவனிக்காமல் இல்லை. பாட்டு நன்றாகத் தைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மார்த்தா பார்படோஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. மாலுமிகளும் பயணிகளுமாகப் பத்தொன்பது பேர். நடுப்பகலில் காற்று செத்துவிட்டது. பாய்கள் துவண்டு தொங்க, கப்பல் மூன்று மணி நேரம் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. காற்று மறுபடி கிளம்பித் தீவின் வடமுனையைச் சுற்றி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கிழக்கே வானம் அடுப்புக்கரியாக இருந்தது.

கேப்டன் டெல்மார் அதைப் பார்த்துவிட்டுப் பாய்களில் பாதியை இறக்கச் சொன்னார். இறக்கி முடிப்பதற்குள் மழை வந்து விழுந்தது. மழை என்றால் துளித்துளியாக வருகிற மழை இல்லை. கப்பலின் முன்பக்கம் பின்பக்கத்துக்குத் தெரியவில்லை. செரஃபின் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பாய்மரத்தடியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மழை பார்த்தவள். ஆனால் ஒவ்வொரு தடவையும் விஜீ விளக்கு கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். இன்று அந்தத் திசையில் ஒன்றுமே இல்லை.

"வெளக்கக் காணோமே," என்றான் பக்கத்தில் இருந்த பன்றி வியாபாரி ஃபெலிசியன். "இவ்ளோ நேரம் தெரிஞ்சிருக்கணுமே."



"மா செரஃபின், உங்க பாட்டு பலிச்சுப் போச்சு போல," என்றான் மறுபடி. "தூங்கிட்டான் இப்போலித்."

யாரும் சிரிக்கவில்லை.

"வாய மூடுறியா, ஃபெலிசியன்," என்று சுக்கானிலிருந்து கேப்டன் கத்தினார். "வெளக்கு எரியுது. பதினாறு வருஷமா இந்தத் தொறமுக வாய்க்குள்ள வரேன், ஒரு நாளும் எரியாம இருந்ததில்ல. மேகம் குன்னு மேல எறங்கி ஒக்காந்துருக்கு, அதான் தெரியல. எல்லாரும் பேசாம கரைப்பக்கம் காத வச்சுக் கேளுங்க."

அவர் சங்கை எடுத்து ஊதினார். நீளமாக ஒன்று, பிறகு குட்டியாக இரண்டு. நிறுத்திக் கேட்டார். மறுபடி ஊதினார். துறைமுக வாய் குறுகல். வடக்கே விஜீ பாறை, தெற்கே தாப்பியோன் பாறை. இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கப்பலில் ஒருவருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் என்று சொல்லமுடியாமல், அலை பாறையில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. நங்கூரம் போட்டுப் பார்த்தார்கள், அடியில் பிடிக்கவில்லை. செரஃபின் தனக்குத் தெரிந்த புனிதர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வரும்போது நடுவில் அந்தத் தொட்டில் வரி வந்து வந்து நின்றது. தலையை உதறினாலும் போகவில்லை.

அப்போதுதான் கரையிலிருந்து சங்குச் சத்தம் வந்தது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு.

"கேட்டுதா?" என்றார் கேப்டன்.

"இடது பக்கம்," என்றாள் செரஃபின். அவள் காது பாட்டுக்காரியின் காது. "இடது பக்கம் முன்னால. கிட்டக்கத்தான்."

கொஞ்ச நேரத்தில் வெளிச்சமும் தெரிந்தது. பெரிய விளக்கு அல்ல. கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, மஞ்சளாக, ஒரு கைவிளக்கு. இடமும் வலமுமாக ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. அலை அடிக்கும்போது மறைந்து, மறுபடி அதே இடத்தில் வந்தது. கேப்டன் அதை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, சங்குக்குப் பதில் சங்கு ஊதிக்கொண்டு, அடி அடியாகக் கப்பலை உள்ளே கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்த விளக்கு அந்தப் பாறையை விட்டு நகரவில்லை. துறைமுகத்துக்குள் தண்ணீர் சமனானதும் ஃபெலிசியன் அழுதேவிட்டான்.

படகுத்துறையில் இறங்கும்போது செரஃபின் கேப்டனிடம் கேட்டாள். "பாறையில நின்னது யாரு?"

"அங்க வேற யாரு இருக்கா? இப்போலித் வீடு ஒண்ணுதான்." அவர் தொப்பியைப் பிழிந்தார். "நீங்க நாளைக்கு அவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்கன்னு யோசிச்சு வச்சுக்கங்க, மா செரஃபின். நானா இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

அவளுக்கும் வரவில்லை.

காலையில் அவள் கடை விரிக்கவில்லை. ஒரு கூடையில் கொக்கோ உருண்டையும் ஜாதிக்காயும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் வைத்தாள். முட்டையிடுகிற கோழி ஒன்றின் காலைக் கட்டிக் கூடைமேல் உட்கார வைத்தாள். தலையில் தூக்கிக்கொண்டு விஜீ குன்று ஏறினாள். வழியெல்லாம் மழையில் சரிந்த மண். ஏறுகிற வழியில் நாலைந்து விதமாகப் பேச்சைத் தயார் செய்தாள். எதுவும் பிடிக்கவில்லை. மற்றவர்களைப் பற்றி நாலு வரி கட்டத் தெரிந்த தனக்கு, தன்னைப் பற்றி அரை வரி கட்டத் தெரியவில்லையே என்று இருந்தது.

காவல்காரன் வீட்டு வாசலில் மார்செலின் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வலது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருந்தாள். செரஃபினைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"தூங்குறார்," என்றாள். "பகல்தானே. உனக்குத்தான் தெரியுமே."

செரஃபின் கூடையை இறக்கினாள். கோழி சத்தம் போட்டது.

"எழுந்திரிக்கற வரைக்கும் இருக்கேன்," என்றாள்.

"பதினொரு மணி ஆவும்."

"ஆகட்டும். அவருக்கு ஒரு வார்த்த சொல்லணும். நேத்து ராத்திரி பாறையில எறங்கி வந்து நின்னாரே..."

"அவரு எறங்கல."

செரஃபின் நிமிர்ந்து பார்த்தாள்.

"விளக்க விட்டுட்டு அவரு எப்படி எறங்குவாரு?" என்றாள் மார்செலின். "வெளக்கச் சுத்தவைக்கிற எந்திரத்துக்கு நேரா நேரத்துக்கு எடைக்கல்ல மேல ஏத்தணும். கண்ணாடியில ஆவி படியப் படியத் தொடைக்கணும். மழ மறைக்குது, இருந்தாலும் ஒரு நிமிஷம் விலகினா தெரியுமேன்னு மேலேயே கெடந்தாரு. டெல்மார் சங்கு ஊதுனது அவர் காதுலதான் விழுந்துது. 'மார்த்தா வருது, குருடாட்டம் வருது'ன்னு மேலேர்ந்து கத்தினாரு. நான்தான் கைவிளக்க எடுத்துட்டுப் போனேன். எங்கப்பா மீன்காரரு. இந்தப் பாறை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி."

"சங்கு?"

"அதுவும் நான்தான். உங்க ரோஜா சங்கத்துல மட்டும்தான் பொம்பளைக்குத் தொண்டை இருக்குன்னு நெனச்சியா?"

செரஃபின் கேட்காமலே வாசற்படியில் உட்கார்ந்தாள். தயார் செய்துகொண்டு வந்த பேச்சு எல்லாம் வேறு ஆளுக்கானது.

"நான் அந்தக் கப்பல்ல இருந்தேன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாம? வியாழக்கிழமை வரேன்னு ஊருக்கே சொல்லிட்டுத்தானே போன." மார்செலின் கடலைப் பார்த்தாள். "பொய் சொல்ல மாட்டேன், அக்கா. பாதிப் பாறை எறங்குனதும் ஒன் ஞாபகம் வந்துச்சு. நின்னேன். அப்புறம் மத்த பதினெட்டுப் பேர நெனச்சு எறங்குனேன்."

"சரிதான்," என்றாள் செரஃபின். "அவங்க புண்ணியத்துல நானும் வந்துட்டேன்."

மார்செலின் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முழுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் கால் நாற்காலியில் லேசாக இடித்துக்கொண்டது. பல்லைக் கடித்தாள். செரஃபின் அப்போதுதான் அந்தப் பாதத்தைச் சரியாகப் பார்த்தாள். உள்ளங்கால் வீங்கி, கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து.

"கடல்முள்ளியா?"

"இருட்டுல கால வச்ச எடம் அப்படி, பாறையெல்லாம் முள்ளுப் பந்தா ஒட்டிக்கெடக்கும். வெளக்க ஆட்டிட்டு இருக்கும்போது எங்க குனிஞ்சு பாக்கறது? நீங்க உள்ள போனப்புறம்தான் வலியே தெரிஞ்சுது."

"எடுத்தியா?"

"எடுக்கப் பாத்தாரு. ஒடஞ்சு உள்ளயே போவுது."

"ஊசி வச்சாரா? ஆம்பளைங்க புத்தி. கடல்முள்ள இழுக்கக்கூடாது. மெழுகுவத்தி எங்க? எலுமிச்சம்பழம் இருக்கா?"

"இந்த வீட்டுல நீ அதிகாரம் பண்ணாத."

"பண்ணல. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

செரஃபின் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியைச் சாய்த்து, ஒவ்வொரு புள்ளியின் மேலும் சூடாக ஒரு சொட்டு விட்டாள். ஆறியதும் உரித்து, எலுமிச்சம் சாறு பிழிந்து, மறுபடி சொட்டு விட்டாள். மெழுகோடு ஒரு முள் வந்தால் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தரையில் தேய்த்தாள். மார்செலின் முதலில் பெட்டி விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். செரஃபினுக்கே தெரியாத வசவுகள் அவளிடம் நிறைய இருந்தன.

நாலாவது முள் வந்தபோது செரஃபின் தலை நிமிராமலே பேசினாள்.

"அந்தக் கடைசி வரி இருக்கே. தொட்டில். அத நான் யோசிச்சுக் கட்டல. வாயில வந்துச்சு, பாடிட்டேன். சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஒரு பொம்பளையாப் பொறந்துட்டு அத நான் பாடியிருக்கக்கூடாது, மார்செலின்."



"ரெண்டு பொறந்துச்சு," என்றாள் மார்செலின். "தங்கல. ஊருக்குத் தெரியாது. இந்தக் குன்னு மேல யாரு வரா, தெரியறதுக்கு?"

செரஃபினின் கை நின்றது. சூடான மெழுகு அவள் விரலிலேயே சொட்டியது. அவள் துடைக்கவில்லை. அந்தப் பாதத்தைக் குனிந்து முத்தமிட்டாள். கோயிலில் மாதா சிலையை முத்தமிடுவாளே, அதே மாதிரி.

"போதும் போதும். எலுமிச்சம்பழம் நாறுது," என்றாள் மார்செலின். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள், "கொக்கோ கொண்டுவந்திருக்கியே, அடுப்புல தண்ணி வை. பால் உள்ள இருக்கு."

பதினொரு மணிக்கு இப்போலித் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது, அவன் மனைவியும் ரோஜா சங்கத்துப் பாட்டுக்காரியும் ஒரே பானையிலிருந்து கொக்கோ குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டவிழ்த்த கோழி நாற்காலிக்கடியில் மேய்ந்தது. அவன் நின்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

செரஃபின் எழுந்து நின்றாள். "தம்பி, உங்களுக்கும் நான் நன்றி சொல்லணும். மேல நீங்க எரியவச்சுட்டே இருந்தீங்க. நாங்க பாக்கல, அது உங்க தப்பில்ல."

இப்போலித் கூச்சப்பட்டுத் தலையைச் சொறிந்தான். "வேலதானே," என்றான். பிறகு, "மெட்டு நல்லாத்தான் இருந்துச்சு அந்தப் பாட்டு. ஆனா நான் குறட்டை விடமாட்டேன். வேணும்னா இவளக் கேளுங்க."

"விடுவாரு," என்றாள் மார்செலின். "பாட்டுல உண்மையான வரி அது ஒண்ணுதான்."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ரோஜா சங்கத்துக் கூடத்தில் நிற்க இடமில்லை. திருநாளுக்கு முந்தைய கடைசிக் கூட்டம் அது. சங்கத்து ராஜா வேஷம் கட்டும் தையற்காரர் மொந்தோர் காகிதக் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் "இப்போலித், இப்போலித்" என்று தாளம் போட ஆரம்பித்தது. செரஃபின் கையைத் தூக்கினாள்.

"அந்தப் பாட்டு செத்துப் போச்சு," என்றாள். "அதக் கட்டுனவ நான், பொதைச்சவளும் நான். இனிமே யாராவது பாடினா என்கிட்ட வந்து பாடட்டும். இன்னைக்கு வேற பாட்டு."

*மேல ஒரு விளக்கு, மழை வந்து மறைச்சுது,*
*கீழ ஒரு விளக்கு, மார்செலின் புடிச்சிருந்தா,*
*முள்ளு மேல நின்னா, மூச்ச விட்டு ஊதுனா,*
*பத்தொம்பது உசுரு நாங்க, பாடுறோம் உம்பேர.*

திருப்பிப் பாட ஒருவரும் வாய் திறக்கவில்லை. மொந்தோர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"மா செரஃபின், இது ரோஜா வீடு. மார்கரீத்காரிய இந்தக் கூரைக்குக் கீழ புகழ்ந்து பாடுனதா இதுவரைக்கும் சரித்திரமே கிடையாது."

"நீங்க மார்த்தாவுல இல்ல, ராஜா," என்றாள் அவள். "இருந்திருந்தா நீங்களே மெட்டுப் போட்டிருப்பீங்க."

பின்வரிசையில் கேப்டன் டெல்மார் எழுந்தார். பாட்டுக்கும் அவருக்கும் எட்டாத தூரம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைத் திருப்பிப் பாடினார், மாடு கத்துகிற மாதிரி. ஃபெலிசியன் எழுந்தான். கப்பலில் வந்தவர்களில் ரோஜாக்காரர்கள் ஏழு பேர். ஏழு பேரும் எழுந்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பெண்கள். மேளக்காரன் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது சுற்றில் கூடம் முழுவதும் பாடியது. மொந்தோர் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றுவிட்டு, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினார்.

கூடத்துக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு கழுதை வண்டி நின்றிருந்தது. வீங்கிய காலைத் தொங்கவிட்டுக்கொண்டு மார்செலின் அதில் உட்கார்ந்திருந்தாள். கேப்டன்தான் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். இப்போலித் விளக்கை விட்டு வரமுடியாது. ரோஜா வீட்டுக்குள் அவளும் வரமாட்டாள். ஆனால் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பாட்டு முடிந்து செரஃபின் வியர்வையோடு வெளியே வந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி?"

"சத்தம் ஜாஸ்தி," என்றாள் மார்செலின். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. "எங்க ஆளுங்க பாடுனா இன்னும் நல்லா இருக்கும்."

"அப்ப அக்டோபர்ல ஒங்க திருநாளுக்கு அவங்களுக்குச் சொல்லிக் குடு."

"குடுப்பேன். நீ கட்டுனதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

அதுவும் நடந்தது. மார்கரீத் திருநாளில் அவர்கள் அந்தப் பாட்டை மெதுவாக, உட்கார்ந்தபடி பாடினார்கள். செரஃபின் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, மெட்டைக் கொன்றுவிட்டார்கள் என்று சந்தையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்செலினுடைய கால் ஆற மூன்று வாரம் ஆயிற்று. ஒரு முள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. மழை வருவதற்கு முன்னால் அது குத்தும் என்பாள்.

செரஃபின் அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கடல் தாண்டினாள். பகல் வெளிச்சத்தில் மார்த்தா விஜீ முனையைக் கடக்கும்போதெல்லாம், தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக் குன்றைப் பார்த்து வீசுவாள். பெரும்பாலும் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். புதுப் பயணிகள் யாருக்கு வீசுகிறாள் என்று தேடிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவள் பாட்டுக்கு வீசுவாள். எப்போதாவது ஒரு நாள் குன்றின் மேல் துணி உலர்த்திக்கொண்டிருக்கிற ஒரு சின்ன உருவம் நின்று, கையிலிருந்த படுக்கை விரிப்பை அப்படியே விரித்து ஆட்டும். அன்றைக்கு ஏற்றிப்போகிற ஆரஞ்சில் பாதி அழுகிப்போனாலும் செரஃபினுக்கு மனசு நிறைந்திருக்கும்.